குந்தத் தெரிந்தவன்

1

ஊரில் இருப்பவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பற்றிப் புதுச்சேரியில் உலவும் செய்திகளில் பாதி, என் நண்பன் கலியபெருமாள் டீக்கடையில் கிளப்பிவிட்டவை. கனடாவில் ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்கிறார்கள் என்று அவன் சொல்லியிருப்பான். எழுந்து நிற்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் நான் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. ஒருவன் எறிவான், ஒருவன் கட்டையால் அடிப்பான், அடி தப்பினால் அந்தப் பந்தைப் பின்னால் குந்தியிருக்கும் ஒருவன் பிடிப்பான். அந்தக் குந்துகிறவனுக்குப் பெயர் கேட்சர். முகத்துக்குக் கம்பிக் கூடு, மாருக்கு மெத்தை, முழங்காலுக்குக் கவசம், கையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு தோலுறை. நம் ஊர் விக்கெட் கீப்பரைப் போலத்தான். கீப்பர் பந்துக்குப் பந்து எழுந்து நடமாடுவான், கேட்சரோ பெரும்பாலும் தரையோடு தரையாகத்தான்.

நானும் கேட்சர்தான். சம்பளம் வாங்குகிற, முழுநேரக் கேட்சர். ஆனால் மைதானத்துக்குள் இல்லை. அடுத்து எறியப் போகிறவர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ள மைதானத்தின் ஓரமாக வேலி போட்டு ஓர் இடம் விட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் காளைத் தொழுவம் என்றே பெயர், நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அங்கேதான் பத்து வருஷத்துக்கு மேலாகக் குந்தியிருக்கிறேன். ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒருநாள் பயங்கர ஆரவாரம். நம்மவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று நானும் தோலுறையைத் தூக்கி ஆட்டினேன். மைதானத்துக்குள் ஒரு நாய் புகுந்திருக்கிறது.

2

இங்கே எப்படி வந்தேன் என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு: தெரேஸ். என் மனைவி. எழுபதுகளில் க்யூபெக்கில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பிரெஞ்சு தெரிந்த நர்ஸுகள் தேவைப்பட்டார்கள். அவள் கன்னிகாஸ்திரீகளிடம் பிரெஞ்சு படித்தவள், வேலை கிடைத்துவிட்டது. எனக்கோ ஆலையில் வேலைநிறுத்தம். வாசலில் ஊதுகிற சங்கு மட்டும்தான் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தது. ஆகவே நர்ஸின் பெட்டிகளோடு நர்ஸின் புருஷனும் விமானம் ஏறினான். கைக்குழந்தையாக எங்கள் மகள் ஸில்வி.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். வாயைத் திறந்து பிரெஞ்சு பேசினேன். கடைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "எந்தக் கோயிலில் பூசை வைக்கிறீர்கள், சாமி?" என்றார். எனக்குத் தெரிந்தது பாதிரிமார் பேசும் பிரெஞ்சு. அவர்கள் பேசியது வாய்க்குள்ளேயே கடித்து விழுங்குகிற பிரெஞ்சு. உருளைக்கிழங்கு கேட்டாலும் பிரசங்கம் செய்வது போலிருக்கும். வேலை கேட்டுப் போன அலுவலகத்தில் "உமக்கு என்ன தெரியும்?" என்றார்கள். தறி ஓட்டத் தெரியும் என்றேன். அந்த ஊரில் தறி இல்லை. "வேறு?" பந்து பிடிப்பேன். அதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை என்று "இதர" என்பதில் எழுதிக்கொண்டார்கள். இன்றுவரை நான் இதரதான்.

அந்த "இதர" எனக்கு மைதானத்தில் புல் வெட்டும் வேலை வாங்கிக் கொடுத்தது. ஒரு மத்தியானம் வேலி ஓரமாகக் குந்தி, தெரேஸ் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழுவின் மேனேஜர் ழில் வந்து நின்றார். பீப்பாய் போல உடம்பு, குழந்தை முகம். என் சோற்றைப் பார்க்கவில்லை, குதிகாலைப் பார்த்தார். அங்கே யாராவது குந்தினால் குதிகால் தூக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் பின்னால் சாய்ந்துவிடுவார்கள். என் பாதம் இரண்டும் தரையில் அப்பியிருந்தன.

"எவ்வளவு நேரம் இப்படி உட்காருவாய்?" என்றார்.

"டீ வருகிற வரைக்கும்."

"டீ எப்போது வரும்?"

"எங்கள் ஊரில் அதைச் சொல்ல முடியாது."

அந்த வாரம் தொழுவத்துக் கேட்சருக்கு முட்டி போய்விட்டிருந்தது. ஆலை அணியில் கலியபெருமாள் வீசும் கார்க் பந்தைக் கிழிந்த கையுறையோடு பிடித்த கை என்னுடையது. முதல் பந்தைப் பிடித்தேன், இரண்டாவதையும் பிடித்தேன். லூர்துசாமி என்பது ழில் வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து நான் லூ.

குழாயடியில், மீன் கடையில், ரேஷன் வரிசையில், பஸ் வராத நிறுத்தத்தில் புதுச்சேரியில் எல்லோரும் குந்துகிறார்கள். அதற்கு ஒரு நாட்டில் சம்பளம் தருகிறார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எங்கள் ஆலையே கப்பல் ஏறியிருக்கும்.

3

ஸில்வி வளர்ந்தது அந்த வேலிக்குப் பின்னால்தான். தெரேஸுக்கு மாலை ஷிஃப்ட் இருந்தால் பள்ளி விட்டதும் நேரே தொழுவத்துக்கு வந்துவிடுவாள். கேட்சர் எறிகிறவனுக்கு விரலால் ஜாடை காட்டுவான்: ஒரு விரல் என்றால் வேகப் பந்து, இரண்டு என்றால் வளைகிற பந்து. அவள் எழுத்துக்கு முன்னால் அந்த விரல்களைப் படித்தாள். பிறகு நாங்களே ஒன்று சேர்த்துக்கொண்டோம். வேலி ஓரத்தில் யாராவது அறுவை மன்னன் என்னைப் பிடித்துக்கொண்டால், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நான்கு விரலையும் ஆட்டுவேன். 'மாட்டிக்கொண்டேன், காப்பாற்று' என்று அர்த்தம். உடனே, "பப்பா, அம்மா கூப்பிடுகிறாள்!" என்று கத்துவாள். அவள் அம்மா அந்நேரம் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் ஸில்வி வருவதை நிறுத்திவிட்டாள். காதில் ஒரு பாட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டாள். தமிழில் பேசினால் பிரெஞ்சில் பதில், பிரெஞ்சில் பேசினால் தோள் குலுக்கல். பள்ளியில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு "பேஸ்பால்" என்றாளாம். எந்த இடத்தில் ஆடுகிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியாது" என்றாளாம்.

அதே சமயம் என் முட்டியும் என்னோடு பேசுவதை நிறுத்தியது. குந்தலாம், எழுந்திருக்க முடியாது. நடுவில் ஏதோ ஒன்று பூட்டிக்கொள்ளும், துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. கொஞ்சம் பொறுத்தால் திறக்கும், சில நாள் திறக்காது. தோலுறையைத் தட்டுவது போல, ஷூ நாடாவைக் கட்டுவது போல, குனிந்து மண்ணை ஆராய்வது போல நடித்துக் காலத்தை ஓட்டினேன். அந்த மைதானத்தில் மண்ணை அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தவன் வேறு யாரும் இருக்க முடியாது. நர்ஸிடம் முட்டியை மறைப்பது எவ்வளவு கடினம் என்று நர்ஸைக் கட்டியவர்களுக்குத் தெரியும்.

சென்ற இலையுதிர் காலத்தில் ழில் என்னைத் தனியாக அழைத்தார்.

"லூ, புது முதலாளி வந்திருக்கிறார். நாற்பது தாண்டினவர்களை ஏப்ரலில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். கொஞ்ச நேரம் குந்து, பிடி, எழுந்திரு. அவ்வளவுதான். உனக்கென்ன, நீ பிறவியிலேயே குந்தினவன்."

"ஆமாம், எனக்கென்ன" என்று சிரித்தேன். காருக்குள் போய் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். கார் கிளம்பவில்லை. வெகுநேரம் திருகிய பிறகுதான் தெரிந்தது, நான் திருகிக்கொண்டிருந்தது வீட்டுச் சாவி.

எழ முடியாவிட்டால் தொழுவம் போச்சு. தொழுவம் போனால் நான் திரும்பவும் நர்ஸின் புருஷன், இதர.

4

ஜனவரியில் அப்பாவின் வருஷப் பூசை. முந்தைய வருஷம் அவர் இறந்த தந்தி என் கைக்கு வரும்போது கல்லறை மண்ணே காய்ந்திருந்தது. இந்த முறை போயே ஆக வேண்டும். தெரேஸுக்கு லீவு இல்லை. ஸில்வியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மீனம்பாக்கத்தில் அதிகாரி நான் நிரப்பிய படிவத்தைப் பார்த்தார்.

"என்ன வேலை சார்?"

"பந்து பிடிக்கிறேன்."

"அதுக்கு சம்பளம் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டு, "இங்க வாய்யா, இவரப் பாரு" என்றார். இருவரும் பார்த்தார்கள். முத்திரை குத்த மறந்துவிட்டார்கள். அதற்காகத் திரும்ப வரிசையில் நின்றேன். நிற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வீட்டில் என் தங்கை ரோசலி எனக்காக ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரிலேயே முதலில் நாற்காலி போன்ற கக்கூஸ் கட்டியவர்.

"அண்ணே, சொல்தா வூட்ல சொல்லி வச்சிருக்கேன். நீ எப்ப வேணா போயிட்டு வரலாம். நீ மேல்நாட்டுல இருந்து பழகிட்ட பாரு."

இந்த இடத்தில்தான் என் அறிவு வேலை செய்திருக்க வேண்டும். கலியபெருமாள் வேறு அங்கே இருந்தான். நான் மார்பை நிமிர்த்தினேன்.

"யாரப் பாத்து என்னா சொல்ற? குந்துறதுதாம்மா எனக்குச் சோறு போடுது!"

கலியன் கை தட்டினான். "அப்பிடிச் சொல்றா என் சிங்கம்!"

ஒரு வாக்கியத்தில் நானே சொல்தா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அதன் பிறகு சிங்கம் விடியற்காலையில், யாரும் எழுமுன், கொல்லைக் கக்கூஸுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அரைக் குந்தலில் காரியத்தை முடித்துக்கொண்டு வரும்.

கலியன் இப்போது புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சாயங்காலமானால் டீக்கடை ஓரம் பீடியோடு குந்துவான். குதிகால் தரையில், முழங்கை முட்டியின் மேல். அவன் குந்துவதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட பொறாமை, இன்னொருவன் பங்களாவைப் பார்த்துக்கூட ஏற்பட்டதில்லை.

"குந்துடா."

"நிக்கிறேன்டா. ப்ளேன்ல ரெண்டு நாளா குந்தியே வந்தேன்."

"அது போன வாரம்டா!"

5

பூசை நாள். கோயிலில் எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள். நான் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "பாவம், அப்பா மேல உசுரு" என்று ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது. அப்பா மேல் உயிர்தான், பொய் இல்லை. ஆனால் அந்நேரம் நான் நினைத்தது முட்டியை.

வீட்டில் பந்தி. பாய் விரித்து இலை போட்டு, மட்டன் பிரியாணி. உட்கார்ந்தால் தொலைந்தேன். பரிமாறுகிறவனாக நடிக்கலாம் என்று வாளியைத் தூக்கியபோது வயிற்றைக் கலக்கியது. பயம் வயிற்றில்தானே முதலில் இறங்கும். அந்தப் பட்டப்பகலில், கொல்லை நிறைய உறவுக்காரர்கள் கை கழுவிக்கொண்டிருக்கையில், கக்கூஸுக்குள் ஓடித் தகரக் கதவைத் தாழ் போட்டேன். சுவரைப் பிடிக்க மறந்தேன். முழுதாகக் குந்திவிட்டேன்.

காரியம் முடிந்தது. கழுவி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தேன். தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. கதவிலிருப்பது இல்லை, முட்டியில் இருப்பது.

பொறுத்தேன். ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னேன். இன்னொன்று சொன்னேன். பிரெஞ்சில் சொன்னால் சீக்கிரம் கேட்குமோ என்று அதையும் சொன்னேன். ஒரு கரப்பான் என்னைப் பார்த்தது. இதுதான் என் தொழில், இதற்காகத்தான் எனக்குச் சம்பளம், உலகத்தில் இதை நன்றாகச் செய்பவன் என்று பெயர் வாங்கியவன் நான். என் பெட்டியில் என் பெயர் எழுதிய சட்டைகூட இருந்தது.

"டேய் லூர்து!" கலியன் குரல். "பந்தி ஆரம்பிச்சாச்சு, வாடா!"

"வர்றேன்!"

"என்னாடா பண்ற உள்ள?"

"என்னா பண்ணுவாங்க!"

கொல்லையில் சிரிப்பு. தொடை நடுங்க ஆரம்பித்தது. கையை உயர்த்தினாலும் தாழ் எட்டவில்லை. கத்தினால் கலியன் கதவை உடைப்பான். உடைத்தால் அறுபது பேர் முன்னால் சிங்கம் குந்திக்கொண்டிருக்கும். இந்தக் கதை கடலூர் வரை போகும். இங்கேயே செத்துப்போனால் என்ன என்று உண்மையாகவே யோசித்தேன். ஆனால் வருஷா வருஷம் பூசையில் என்ன சொல்லி அழுவார்கள்?

தகரத்துக்கு வெளியே சின்னக் காலடி. பிரெஞ்சில் ஒரு குரல்:

"பப்பா, செத்துவிட்டாயா? அத்தை கேட்கிறாள்."

வாயைத் திறந்தால் கொல்லைக்கே கேட்கும். கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. கையை அதன் வழியே வெளியே நீட்டி, நான்கு விரலையும் ஆட்டினேன்.

காலடிச் சத்தம் விலகிப் போனது. போய்விட்டாள். பன்னிரண்டு வயதோடு அதையும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நேரம் முட்டி வலிக்கவில்லை.

அப்புறம் கொல்லை நடுவிலிருந்து, அந்தப் பயணத்திலேயே முதல் முறையாக, அவள் தமிழ் கேட்டது. உரத்த, கோணல் மாணலான தமிழ்.

"பப்பாவுக்கு வயிறு போவுது! ரொம்பப் போவுது! நாத்தம் வரும்! எல்லாரும் உள்ள போங்க!"

கொல்லை காலியான வேகத்தைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மூலையிலிருந்த துடைப்பத்தின் அடியால் தாழைத் தட்டித் திறந்தேன். உள்ளே வந்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டாள், பின்பக்கமாக என் அக்குளில் கையைக் கொடுத்தாள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, மூன்று சொல்லாமலே தூக்கிவிட்டாள்.

"எத்தனை நாளாக?"

"ஒரு சீசன்."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"ழில்?"

"ஏப்ரலில் தெரிந்துவிடும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் அம்மா நோயாளிகளைப் பார்க்கிற அதே பார்வை. "நீ ஒரு முட்டாள், பப்பா" என்றாள். பாட்டுப் பெட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு பந்திக்குப் போய் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டாள். வயிறு போகிறவன் என்பதால் எனக்கு அரிசிக் கஞ்சி. நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுத்தார்கள். சொல்தா தானே வந்து, கவலைப்படாமல் தன் வீட்டுக்கு வரும்படி பிரெஞ்சில் அழைத்தார். சிங்கம் தலையாட்டியது.

ஊர் திரும்பும் நாள் கலியன் பஸ் நிலையத்துக்கு வந்தான். காகிதத்தில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கையில் திணித்தான்.

"என்னாடா இது?"

"எண்ணெய். வீராம்பட்டினத்துல ஒருத்தர் காய்ச்சுறாரு. முட்டிக்குப் போடு."

"எனக்கு முட்டியில என்னா?"

"மூணு வாரமா நின்னுக்கினே டீ குடிக்கிறவன், ஒண்ணு போலீசா இருக்கணும், இல்ல முட்டி போனவனா இருக்கணும். உன்னைப் போலீஸ்ல சேக்க மாட்டாங்க." பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். "நான் யார்கிட்டயும் சொல்லல. கடையில நீ இன்னும் சிங்கந்தான்."

6

ஏப்ரல். மைதானத்தில் இன்னும் பனி. பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் வலை கட்டிச் சோதனை வைத்தார்கள். கவசங்களை மாட்டிக்கொண்டபோது என் மேல் கலியனின் எண்ணெய் வீசியது. எறிகிறவன் ஒரு இருபது வயசுப் பையன். "லூ, என்ன இந்த வாசனை?" என்றான். "ரகசியம்" என்றேன்.

நாங்கள் குந்தும் இடத்துக்கு முன்னால் ஐந்து மூலை வெள்ளைத் தகடு ஒன்று கிடக்கும். ஆங்கிலத்தில் அதை வீடு என்பார்கள். க்யூபெக் பிரெஞ்சில் சலவைக்கல். கல்லறைக்கும் அதே கல்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு நினைவு வர வேண்டுமா?

குந்தினேன். ஒரு விரல். வேகப் பந்து, பிடித்தேன். இரண்டு விரல். வளைந்து வந்தது, பிடித்தேன். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கை இன்னும் ஆலை அணியில்தான் இருக்கிறது. பந்து வர வர எனக்கே சந்தோஷமாகிவிட்டது. அப்போது ழில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போதும் லூ. எழுந்திரு" என்றார்.

தாழ்ப்பாள் விழுந்தது.

ஷூ நாடாவைக் கட்டினேன். தோலுறையைத் தட்டினேன். கூடத்தின் தரை மரம், ஆராய மண்கூட இல்லை. கம்பிக் கூட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. வலைக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரியும். ஸில்வி வரமாட்டேன் என்றுதான் காலையில் சொன்னாள். ஆனாலும் பழக்கம் விடுமா? கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று. நான்கு விரலும் ஆடின.

"ழில்!" வலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "பப்பா இன்னும் பத்துப் பந்து கேட்கிறார்! அவருக்கு இன்னும் சூடே ஏறவில்லையாம்!"

எறிகிற பையன் முனகினான். ழில் திரும்பி, சுவரோரம் நின்ற இளவட்டங்களைப் பார்த்தார். "கேட்டீர்களா? நாற்பது தாண்டினவன் இன்னும் பத்து கேட்கிறான்!"

அந்தப் பத்துப் பந்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே. கடைசிப் பந்து களைத்துப்போன கையிலிருந்து தலைக்கு மேலே வந்தது. எட்டிப் பிடிக்கிற சாக்கில் மல்லாந்து விழுந்தேன். விழுந்தவனுக்கு முட்டி வேண்டாம், வலையைப் பிடித்துக்கொண்டு எழலாம். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை என் முதுகை உந்தியது. பந்து தோலுறைக்குள்ளேயே இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

ழில் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்த மனிதர் ஆபத்தானவர். "ஒரு சீசன் இல்லை, லூ. இரண்டு சீசனுக்கு எழுதிவிடுகிறேன்!" என்றார். சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகமூடி இருந்ததால் நிச்சயமாகத் தெரியாது. இனி இரண்டு கோடைகாலம், வெயில் தாழும் வரை, நான் குந்த வேண்டும், எழவும் வேண்டும்.

ழில் அத்தோடு விடவில்லை. ஸில்வியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். இந்தப் பெண்ணுக்கு ஜாடை தெரிகிறது, தொழில் தெரிகிறது, தினமும் பள்ளி விட்டதும் தொழுவத்துக்கு வரட்டும், பந்து எடுத்துப் போடட்டும், தொப்பி தருகிறேன், சட்டை தருகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஸில்வி அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். அவள் வலது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. நான்கு விரல்களும் என்னைப் பார்த்து ஆடின.

அம்மா கூப்பிடுகிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டேன்.